பலாக்கொட்டைக்கு அனுமதி இல்லாத மலை

கடலூரில் எங்களுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். டவுன் பஸ் மூச்சு வாங்காமல் ஏறிவிடும். மேலே சிறைச்சாலை இருப்பதால், ஒருவர் மலைக்குப் போயிருக்கிறார் என்று யாராவது சொன்னால் எத்தனை வருஷம் போட்டார்கள் என்றுதான் கேட்போம். அப்படிப்பட்ட ஊர்க்காரனான நான், ஐம்பது வயதை நெருங்கும்போது முதல் பாஸ்போர்ட் எடுத்து, மலேசியாவில் ஒரு நிஜமான மலைக்குப் போய் வந்தேன். மலையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அங்கே வேலை பார்க்கும் ஒரு பையனுக்குச் சங்கடம். அந்தப் பையனைப் பார்க்கத்தான் போனோம்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது வரை படித்தவன். மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 'எத்தனை காப்பி?', 'முன்னும் பின்னுமா?' என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன். மூன்றாவது கேள்வி கேட்க எனக்குக் கூச்சம்.

என் அக்கா மல்லிகாவை அண்ணாகிராமத்தில் கொடுத்திருக்கிறோம். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பலாத்தோப்பும் முந்திரியும் வைத்திருக்கிறார். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார். அவர்களுடைய ஒரே மகள் அபிநயா. சிதம்பரத்தில் விவசாயம் படித்துவிட்டு, பெரணிச் செடிகளைப் பற்றி மேலே படிக்க மலேசியாவுக்குப் போனாள். புல்லும் பூண்டும் அண்ணாகிராமத்திலேயே ஜாஸ்தியாகக் கிடக்கும்போது இதற்கு ஏரோப்ளேன் எதற்கு என்று மாமா அப்போதே கேட்டார். படிப்பு முடிந்து அவள் ஒரு பட்டத்தோடும் ஒரு பெயரோடும் திரும்பி வந்தாள். பெயர் லோகன். அவள் செடி எண்ணிய காட்டில் வனக்காவல் அதிகாரி. தமிழ்ப் பையன்தான், தாத்தா காலத்திலேயே அங்கே போன குடும்பம்.

மாமா 'அதிகாரி'யைக் காதில் வாங்கவில்லை. 'காவல்' மட்டும்தான் கேட்டது. குறிஞ்சிப்பாடியில் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து காத்துக்கொண்டிருந்தது. "மில்லு வூட்டுக்குப் போக வேண்டியவள காட்டு வாட்ச்மேனுக்குக் குடுப்பாங்களா?" என்று ஊரையே கேட்டார். அபி சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அக்கா ஒரு முடிவு சொன்னாள். மாப்பிள்ளை வீடு பார்க்காமல் வேண்டாமென்று சொல்லக் கூடாது. அப்பாவும் தாய்மாமனும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பிடிக்கவில்லை என்றால் குறிஞ்சிப்பாடி.

என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவுரு சொல்றது கோவத்துல சொல்றது. நீ பாத்துட்டு குடுக்கலாமா வேணாமான்னு ஒரே வார்த்தை சொல்லு. உன் வார்த்தைதான் எனக்கு."

ஒரே வார்த்தை என்பதால் ஒப்புக்கொண்டேன். கிளம்பும்போது அபி என் பையைத் தூக்கிக் கொடுத்தபடி, "மாமா, அவரு கொஞ்சம் ரூல்ஸ் பாப்பாரு. அது மட்டுந்தான் அவருகிட்ட கொறை" என்றாள். அவள் அப்பாவிடம் ரூல்ஸ் ஒன்றைத் தவிர எல்லாமே உண்டு என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

முதல் நாள் பஸ்ஸில் போனது. மலையடிவாரத்து ஊரில் லோகனின் அம்மா காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் போர்டைக் காட்டி இதுதான் உங்கள் ஊர் என்று சைகை செய்ததும், மாமா எழுந்து நின்று பஸ்ஸின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டி, "ஹோல்டேன்!" என்றார். கடலூர் - பண்ருட்டி தடத்தில் இந்தச் சொல்லுக்கு நிற்காத வண்டி கிடையாது. இந்த டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, ஏதோ உடம்பு சரியில்லாத ஆள் என்று நினைத்து, இன்னும் வேகமாக ஓட்டினார். அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். கூரையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அமுக்க வேண்டுமாம். எனக்கு அது முதலிலேயே தெரியும். சொல்லக் கூச்சமாக இருந்தது.

போன் போட்டதும் ஆஸ்பத்திரி வாசலுக்கே லோகன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தான். ஒல்லியான, கறுத்த பையன். வெயிலில் காய்ந்த முகம், கையெல்லாம் முள் கீறல். "பசியாறிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டான். அந்த ஊர்த் தமிழில் அது காலைச் சாப்பாட்டைக் கேட்பது. அப்போது மணி மூன்று. மாமா என்னைப் பார்த்தார். நல்ல பசியில் இருந்ததால் குற்றம் சொல்லவில்லை.

லோகனின் அப்பா இறந்துவிட்டார். அம்மா வீட்டு வாசலில் காலை வேளையில் தோசை போட்டு விற்கிறார். சின்ன வீடு, துப்புரவான வீடு. மாமா சுவரைத் தட்டிப் பார்த்தார். பலாப்பழத்தைத் தட்டிப் பழகிய கை, எதைக் கண்டாலும் தட்டும்.

இரண்டாம் நாள் மழை. மலை மூடியிருந்ததால் சந்தைக்குப் போனோம். தேங்காய்ப்பாலில் வடித்த சோற்றை இலையில் மடித்து, கருவாட்டுப் பொடியும் காரத் துவையலும் வைத்துக் கொடுத்தார்கள். நான் மூன்று பொட்டலம் சாப்பிட்டேன். அடுத்து டுரியான் பழக் கடை. எங்கே திரும்பினாலும் அந்த வாடைதான். முள்ளைப் பார்த்தால் பலாவுக்குச் சித்தப்பா மகன் போலிருந்தது. மாமா ஒன்றைத் தூக்கி, தட்டி, காதில் வைத்துக் கேட்டு, "என்னாடா சத்தமே இல்ல" என்று மறுபடியும் ஓங்கித் தட்டி, உள்ளங்கையில் முள் ஏறிக் கத்தினார். கடைக்காரச் சீன அம்மாள் லோகனின் அம்மாவிடம் மலாயில் ஏதோ சொன்னார். லோகன் தயங்கித் தயங்கி எங்களுக்குச் சொன்னான். "இவரு ஏன் பழத்தோட சண்டை போடுறாருன்னு கேக்குறாங்க."

டுரியானிடம் தோற்ற மாமா, பக்கத்துக் கடையில் ஒரு பலாப்பழத்தைக் கண்டதும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல ஆனார். தட்டினார், முகர்ந்தார். பண்ருட்டியில் இது நாலாந்தரம் என்றார். இருந்தாலும் வாங்கினார். வீட்டுக்கு வந்து கத்தியில் எண்ணெய் தடவி அவரே அறுத்து, நல்ல சுளைகளாகப் பொறுக்கி, மறுநாள் மலைக்கு என்று ஒரு டிபன் பாக்ஸில் அடைத்தார்.

மூன்றாம் நாள் மலை ஏறினோம்.

காட்டு வாசலில் ஒரு குழாயும் தேய்க்கிற பிரஷ்ஷும் வைத்திருக்கிறார்கள். நம் கோயில்களில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். இங்கே செருப்பைக் கழுவச் சொல்கிறார்கள். அடியில் ஒட்டிக்கொண்டு வெளியூர் விதை எதுவும் உள்ளே போய்விடக் கூடாதாம். சீருடை போட்டதும் லோகன் வேறு ஆளாகத் தெரிந்தான். என் செருப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை கழுவச் சொன்னான். உள்ளே சாப்பிடலாம், ஆனால் மிச்சம் எதையும் கீழே போடாமல் திரும்பக் கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னான். மாமா தலையாட்டினார். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்ல லோகனுக்கு வாய் வரவில்லை. பெண் கேட்டு நிற்கிற வீட்டுக்காரரின் டிபன் பாக்ஸை யார் திறப்பார்கள்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமா தலையாட்டியது பொய் இல்லை. அவரைப் பொறுத்தவரை பலாக்கொட்டை மிச்சத்தில் சேராது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கம் அடித்த பெரும் புயலில் அவர் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஒரு கொட்டையை எறிந்து நான் பார்த்ததில்லை. சுளையைத் தின்றதும் குதிகாலைத் திருகிக் குழி பண்ணுவார், கொட்டையைப் போடுவார், கால் விரலால் மண்ணைத் தள்ளி ஒரு மிதி மிதிப்பார். பேச்சு நிற்காது, நடையும் நிற்காது. ரோட்டோரம், கோயில் பின்பக்கம், ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில்கூட.

மலையில் முதலில் எங்களை வரவேற்றவை அட்டைகள். இலை நுனியில் நின்றுகொண்டு, விலாசம் தெரியாமல் தவிப்பவர்களைப்போல் நாலு பக்கமும் தலையை ஆட்டுகின்றன. நாம் போனதும் விலாசம் கிடைத்துவிடுகிறது. மாமாவின் காலில் ஏறிய அட்டையை லோகன் நகத்தால் வழித்து, கொல்லாமல், பக்கத்து இலையில் விட்டான். "என் ரத்தத்தைக் குடிச்சிட்டு அது பாட்டுக்குப் போவுது, இவரு வழி அனுப்பி வைக்கிறாரு" என்று மாமா என் காதில் சொன்னார்.

மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, எல்லாவற்றின் மேலும் பாசி. அடிமரம், கிளை, கல், விழுது, வித்தியாசம் தெரியவில்லை. துவைத்த கம்பளியைப் பிழியாமல் காயப்போட்டதுபோல காடு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. மரமா செடியா என்று தெரியாத ஆள் உயரப் பெரணிகள். இதைத்தான் அபி எண்ணிக்கொண்டிருந்தாளாம். எங்கிருந்தோ கருங்குரங்குகள் கத்தின. குடும்பமாகச் சேர்ந்து பாடும் என்றான் லோகன். எனக்குக் கடலூர் முதுநகரில் படகிலிருந்து மீன் இறங்கும் நேரத்துக் கூச்சல் நினைவுக்கு வந்தது. இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. பறவையை நான் பார்க்கவில்லை. சத்தத்தில் பயந்து குனிந்துவிட்டேன். பழைய பெட்ஷீட்டை இரண்டு பேர் உதறுகிற சத்தம். ஒரு மரத்தில் கரடி ஏறிய நகக் கீறல் இருந்தது. கரடி எப்போது வரும் என்று மாமா கேட்டார். நாம் போன பிறகு என்றான் லோகன்.

வழியோரத்தில் குடுவைச் செடி. இலை நுனியில் மூடி போட்ட சொம்பு தொங்குகிறது, உள்ளே தண்ணீர், தண்ணீரில் செத்த எறும்புகள். செடி பூச்சியைத் தின்னும் என்றதும் மாமா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வருகிறதைத் தின்பதை அரசியலில்தான் பார்த்திருக்கிறேன் என்றார்.

உச்சியில் காட்சி மேடை. ஏறி நின்றால் வெறும் பனிமூட்டம். காத்திருந்தோம். திரை மெல்ல விலகியது. பின்னால் ஒன்றுமில்லை, இன்னொரு வெள்ளைத் திரை. கூட வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஏமாந்துபோனார்கள். சிதம்பரத்தில் ரகசியம் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இறங்கும் வழியில் ஒரு பெரிய மரம் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆள் போகிற அளவுக்கு மட்டும் அறுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருந்தார்கள். மாமா நின்றுவிட்டார். இதை எப்போது தூக்குவீர்கள் என்று கேட்டார்.

"தூக்க மாட்டோம் அங்கிள். அது இங்கேயே இருக்கும்."

மரத்தின் முதுகில் விரல் நீளக் கன்றுகள் வரிசையாக நின்றன. மாமா ஒன்றைத் தொடாமல் கையை அதன் மேல் பிடித்துக்கொண்டிருந்தார். எங்க ஊரில் மரம் விழுந்த மறுநாளே ரம்பத்தோடு லாரி வந்துவிடும் என்றார். மாமா பேசாமல் நடந்ததை அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

லோகன் வெளிநாட்டுக்காரர்களோடு முன்னால் போனதும் மாமா டிபன் பாக்ஸைத் திறந்தார். "மச்சான், பையன் நல்ல வேலைதான் பாக்குறான். நாமதான் தப்பா நெனச்சிட்டோம்" என்று எனக்கு ஒரு சுளை கொடுத்தார். நான் கொட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பாக்கெட்டில் போட்டேன். மாமா சுளையைத் தின்றார், குதிகாலைத் திருகினார். நாலடி நடந்தார். மறுபடி திருகினார். பாசி மெத்தென்று வழிவிட்டது. பின்னால் வந்த நான் 'இதற்கு அனுமதி உண்டா?' என்று கேட்டிருக்கலாம். அது மூன்றாவது கேள்வி.

வாசலுக்கு வந்தோம். லோகன் எல்லோரையும் அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தான். மாமா அவன் தோளில் கை போட்டார். முதல்முறையாக மாப்ள என்று கூப்பிட்டார்.

"மாப்ள, என் பங்குக்கு உங்க காட்டுக்கு ஒரு சீர் செஞ்சிருக்கேன். வழி நெடுக பலா ஊனி வச்சிருக்கேன். உங்க புள்ளைங்க வந்து தின்னும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் பெண் கொடுக்கச் சம்மதம் சொல்ல முடியாது. லோகனுக்கும் அது புரிந்தது. முகம் மலர்ந்தது, அப்படியே நின்றது, பிறகு வாடியது. என் வாழ்க்கையில் ஒரு முகம் இவ்வளவு வேகமாக மாறி நான் பார்த்ததில்லை.

"அங்கிள்," என்றான், "அதெல்லாம் எடுக்கணும்."

"எத?"

"கொட்டைங்கள. வெளிச்செடி எதுவும் இங்க நடக்கூடாது. அந்த வாசத்துக்குப் பன்றி வந்து பாசியெல்லாம் கிளறிடும். பாக்ஸ நான் தெறந்து பாத்திருக்கணும், அது என் தப்பு. ஆனா எடுக்கணும்."

"இந்தக் குளுருல அது மொளைக்கவே மொளைக்காதுய்யா."

"மொளைக்காதுன்னா ஏன் அங்கிள் நட்டீங்க?"

கையிலிருந்த டிபன் பாக்ஸை மாமா ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் என்னா கஞ்சாவா நட்டேன்? ஊர்ல மில்லுக்காரன் பொண்ணு கேட்டு ஒத்தக்கால்ல நிக்கிறான். எனக்கு என் பொண்ண இங்கதான் குடுக்கணும்னு தலையெழுத்து இல்ல. இப்ப என்னா சொல்றீங்க?"

லோகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அபி அப்பான்னு இன்னைக்கு விட்டா, நாளைக்கு வேற ஆள நிறுத்த எனக்கு வாய் வராது அங்கிள். மன்னிக்கணும்." சொல்லிவிட்டு ஒரு சின்னக் கொத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு அவனே முன்னால் நடந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. முதல் குதிகால் தடத்தில் லோகன் மண்டியிட்டு, பாசியை ஒரு ஓரமாக விலக்கி, கொட்டையை எடுத்து, பாசியைப் பழையபடி போர்த்தினான். அடுத்ததை அவன் தடவித் தேடுவதைப் பார்த்து மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க நட்டேன்னு எனக்குத் தெரியாதா? தள்ளுங்க சார்" என்று தானே உட்கார்ந்துவிட்டார். மாப்ள போய் சார் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் சரியாகப் போய் எடுத்தார். "இந்தாங்க சார். இதோ இன்னொன்னு சார். தங்கம் எடுக்குறோம்ல, பத்திரமா வச்சுக்குங்க சார்." லோகன் ஒவ்வொன்றையும் வாங்கித் துடைத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டான். வேட்டி முழங்காலில் சேறு, கழுத்தில் அட்டை. மாமா மகளுக்காக இவ்வளவு குனிந்து நான் பார்த்ததில்லை.

விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, "அவ்ளோதான். முடிஞ்சிது" என்றார். லோகன் அவர் முகத்தைப் பார்த்தான். நம்பித் தலையாட்டினான். இரண்டு பேரும் திரும்பினார்கள்.

இன்னொன்று இருந்தது. நான்தானே பின்னால் வந்தேன். அந்த மரத்தை ஒட்டியிருந்த ஒரு குடுவைச் செடிக்குக் கீழே, மாமா முதல் கொட்டையை நட்ட இடம். அவர் மறக்கவில்லை என்பது, அந்தப் பக்கம் பார்க்காமல் அவர் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் இல்லை. ஆனால் சேற்றில் மண்டியிட்ட அந்தப் பையன் பெண்ணையே பணயம் வைத்துவிட்டு, இப்போது ஏமாந்து நடக்கிறான். அது எனக்குத் தாங்கவில்லை. குடையை மடக்கி நீட்டினேன்.

"அங்க ஒண்ணு இருக்குது."

மாமா மெதுவாகத் திரும்பினார். "மச்சான், நீ யாரு பக்கம்?"

"பொண்ணு பக்கம்."

அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். மாமா என்னைப் பார்த்தார். பிறகு போய், குனிந்து, அதையும் எடுத்துக் கொடுத்தார். சார் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் லோகனின் அம்மா கவரை வாங்கிப் பார்த்தார். நடந்தது அவருக்குத் தெரியாது. நல்ல கொட்டையாக இருக்கிறதே என்று கழுவி, தட்டி, கருவாட்டுக் குழம்பில் போட்டுவிட்டார். மத்தியானம் நட்டதை ராத்திரிக்குள் அறுத்துத் தின்ற விவசாயி உலகத்தில் என் மாமா ஒருவர்தான். லோகன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மாமா இரண்டாவது தடவை குழம்பு கேட்டார். எங்கள் ஊர்க் குழம்புதான், புளி மட்டும் கொஞ்சம் குறைவு.

சாப்பிட்டு எழுவதற்குள் அக்கா போன் செய்தாள். மாமா போனை என் பக்கம் தள்ளினார். "நீயே சொல்லு. நீதான் இப்ப பேச ஆரம்பிச்சிட்டியே."

அக்கா ஒரே வார்த்தைதான் கேட்டாள். பின்னால் அபி மூச்சுவிடாமல் நிற்பது இங்கே கேட்டது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

"குடுக்கலாங்க்கா. மாமாவையே வுடல இந்தப் பையன். நம்ம பொண்ண எதுக்காகவும் வுட மாட்டான்."

மாமா மறுக்கவில்லை. கை கழுவப் போனவர், வழியில் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "கெட்டியான செவுருதான்" என்றார்.

வைகாசியில் லோகனும் அவன் அம்மாவும் நிச்சயத்துக்கு அண்ணாகிராமம் வந்தார்கள். தோப்பில் பழம் தொங்குகிற நேரம். மாமா முதல்தரமாக ஒன்றை வெட்டி அவன் கையில் சுளையைக் கொடுத்தார். லோகன் தின்றான். தின்றுவிட்டுக் கொட்டையைக் கையில் மூடி வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். மில்லுக்காரரும் வந்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாமா, இத இங்க போடலாமா?"

மாமா இடுப்பில் கை வைத்து, தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதிகாரி மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு லோகனின் செருப்பைப் பார்த்தார்.

"அத மொதல்ல கழுவிட்டு வாங்க மாப்ள. எடம் காட்றேன்."